ஆண்ட்டி வைத்த பொங்கல்

புனிதவதி படிக்கப் புறப்பட்டது 2015 செப்டம்பர் ஆறாம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. கோலசிலாங்கூருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடு. கணவர் முருகையா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். ஞாயிறானால் பகல்வரை தூங்குகிறவர், அன்றைக்கு விடியும் முன்பே எழுந்து மெத்தையைச் சுருட்டிக் காரின் கூரையில் கட்டி, மழை வருமென்று அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் போர்த்திவிட்டார்.

மாமியார் தாயம்மா வாசல் கேட்டருகே நின்றாள். "இந்த வயசுல அவளவ பேரப்பிள்ளையத் தூக்குறா. இவ புஸ்தகத்தத் தூக்கிட்டுப் போறா" என்றாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாக. பிறகு திருநீறு பூசிவிட்டாள்.

கார் பெஸ்தாரி ஜெயா ஊரைத் தாண்டியது.

"பாடம் மண்டையில ஏறுமான்னு தெரியலிங்க" என்றாள் புனிதவதி.

"பாடம் ஏறும் லா. அங்க இருக்குற பிள்ளைங்களோட ஒத்துப்போவியா, அதச் சொல்லு."

"இருபது வருஷமா பிள்ளைங்களோடதான இருக்கேன்."

"அதெல்லாம் ஆறு வயசுப் பிள்ளைங்க. மூக்கத் தொடச்சு விட்டா போதும்."

அவள் ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் ஆசிரியை. வாரக் கடைசிகளில் படித்து டிப்ளோமா வாங்கியிருந்தாள். இப்போது பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பட்டம் வந்தால் சம்பளம் கூடும், தலைமைப் பொறுப்பும் வரலாம் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். சொல்லாத ஒன்றும் இருந்தது. ஐந்தாம் படிவத்தில் கூடப் படித்தவர்களில் இரண்டு பேர் பல்கலைக்கழகம் போனார்கள். கோயில் திருவிழாவில் தங்கள் பல்கலைக்கழகத்துச் சிநேகிதிகளைக் கண்டுவிட்டால் அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள். புனிதவதி பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள். அவளைத் திட்ட மாமியார் இருந்தாள், புருஷன் இருந்தார். அப்படிச் சிரித்துக்கொண்டே திட்ட மட்டும் ஒருத்தியும் இல்லை. அது தனக்கும் வேண்டும் என்று நாற்பத்தாறு வயதில் யாரிடம் போய்ச் சொல்வது?

பல்கலைக்கழகம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். விடுதியில் இடம் கிடைக்காமல் கலும்பாங்கில் வாடகை வீடு எடுத்திருந்த மூன்று முதலாண்டுப் பெண்களோடு அவள் சேர்ந்துகொண்டாள். புக்கிட் செந்தோசாவிலிருந்து வந்த பிரேமலாவுக்கு வாய் நீளம். அனுஜா யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், தாத்தா காலத்தில் தோட்ட அலுவலகத்துக் கிராணி வேலைக்கு வந்தவர்கள், இப்போது வீட்டில் எல்லாரும் டாக்டர்கள். திலகா பேசவே மாட்டாள், ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் சிரிப்பவள் அவள்தான்.

அந்தச் சிரிப்பு புனிதவதி அறைக்குள் வந்தால் நின்றுவிடும். படுத்திருப்பவள் எழுந்து உட்காருவாள். கைப்பேசி தலையணைக்கு அடியில் போய்விடும். "என்ன ஆண்ட்டி, ஏதாவது வேணுமா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மாலையானால் மூவரும் ரொட்டியும் தேநீரும் விற்கும் மாமாக் கடைக்குக் கிளம்புவார்கள். "உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரணும் ஆண்ட்டி?" என்று மறக்காமல் கேட்பார்கள். நீங்களும் வாருங்களேன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அவள் ரொட்டி சானாய் ஒன்று வாங்கி வரச் சொல்வாள். ஆறிப்போன ரொட்டியைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தின்பாள்.

அதில் அவள் தப்பும் இருந்தது. இளம் பிள்ளைகளோடு இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இருட்டோடு எழுந்து குழம்பு வைத்தாள். "குளிச்சாச்சா? குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். பிரேமலா தாமதமாக வந்த இரவுகளில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவை விட்டு வந்த பெண்களுக்கு அங்கேயும் ஓர் அம்மா கிடைத்தாள். அம்மாவை யாராவது சினிமாவுக்குக் கூட்டிப்போவார்களா?

பொங்கல் தை மாதத்தில் வந்தாலும் பல்கலைக்கழகத்துப் பொங்கல் தேர்வையும் விடுமுறையையும் பார்த்துத்தான் வரும். அந்த ஆண்டு மார்ச்சில் வந்தது. மாணவர் பண்பாட்டுக் கழகத்தின் தலைவன் யுவனேஸ்வரன் நூலக வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஆண்ட்டி, பொங்கல் வெக்கிற போட்டிக்கு நீங்கதான் ஜட்ஜ்."

"நானா?"

"லெக்சரர் ரெண்டு பேரு, அப்புறம் நீங்க. மாலை உண்டு, பொன்னாடை உண்டு. முன்வரிசையில நாற்காலி."

"தம்பி, நானும் ஃபர்ஸ்ட் இயர்தான்."

"தெரியும் ஆண்ட்டி. ஆனா உங்கள அடுப்பு முன்னால குந்த வெச்சா பாக்குறவங்க எங்களத் திட்டுவாங்க லா."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. கைகூடக் கட்டிக்கொண்டிருந்தான். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் நாலு வருடமும் அதிலிருந்து எழுந்திருக்க முடியாது என்று புனிதவதிக்குத் தோன்றியது. "மன்னிச்சுக்க தம்பி. நான் போட்டியில சேரப்போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

யாரோடு சேரப்போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரு குழுவுக்கு நான்கு பேர். வீட்டில் மூவருக்கும் இன்னோர் ஆள் தேவைப்பட்டது என்று மட்டும் காதில் விழுந்திருந்தது. அன்று மாலை அவர்கள் அறை வாசலில் போய் நின்றாள்.

"உங்க குழுவுல ஆள் கொறையுதாமே. நான் வரட்டா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பிரேமலா கையைத் தட்டினாள். "ஏய், கப் நமக்குத்தான்! ஆண்ட்டி எஸ்டேட்ல பொறந்தவங்க. வெறகடுப்பு, மண்பானை எல்லாம் தண்ணி பட்ட பாடு!"

"சீரியஸ்லி, எங்களுக்கு மேகி மட்டும்தான் வரும்" என்றாள் அனுஜா. "உட்காருங்க ஆண்ட்டி. என்னென்ன வாங்கணும், சொல்லுங்க."

புனிதவதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் விறகடுப்பில் பொங்கல் வைத்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன் அம்மா வைத்தாள், பிறகு தாயம்மா. பொங்கலன்று பானையை யாரும் தொடக்கூடாது என்பது தாயம்மாவின் சட்டம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மூன்று தலைகளும் அவள் பக்கம் சாய்ந்து காத்திருந்தன. "பச்சரிசி ஒரு கிலோ" என்றாள்.

இரவு கணவரைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"எப்படிங்க வெக்கிறது?"

"என்னைக் கேட்டா? அம்மாதான வெப்பாங்க. நீ தட்டத் தூக்கிட்டுப் பக்கத்துல நிப்ப. நான் காலைல கேட்டுச் சொல்லட்டா?"

"ஐயையோ, அத்தைகிட்ட மூச்சு விடாதீங்க. ஊரெல்லாம் சிரிக்கும்."

போட்டி மண்டபத்துக்குப் பின்னாலிருந்த திடலில் நடந்தது. செங்கல் அடுப்புகள் வரிசையாக வைத்திருந்தார்கள். புனிதவதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெரிந்தவளைப் போலவே ஆணையிட்டாள். கையில் கிடைத்த விறகையெல்லாம் அடுப்பில் திணிக்கச் சொன்னாள். தீ எகிறியது. மற்ற பானைகள் புகைந்துகொண்டிருக்கையில் அவர்களுடைய பானையில் பால் குபுகுபுவென்று பொங்கி வழிந்தது. திலகாகூட வாய்விட்டு "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். பிரேமலா பக்கத்துக் குழுவைப் பார்த்து இடுப்பை ஆட்டிக் காட்டினாள்.

வழிந்த பால் அடுப்பை அணைத்துவிட்டது. நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. மறுபடி பற்றவைப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. பதற்றத்தில் அவள் அரிசி வேகுமுன் வெல்லத்தைக் கொட்டிவிட்டாள். வெல்லம் விழுந்தபின் அரிசி வேக மறுத்தது. அதற்காக இன்னும் விறகு வைத்தாள். மேலே அரிசி பல்லில் கடிபட்டது, அடியில் கருகியது. ருசி பார்த்த விரிவுரையாளர் ஒரு கரண்டியை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். பிறகு தண்ணீர் கேட்டார். முடிவை யுவனேஸ்வரன்தான் அறிவித்தான். கடைசி இடத்தைச் சொல்லும்போது அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"பரவால்ல ஆண்ட்டி" என்றாள் பிரேமலா. "அடுப்பு சரியில்ல" என்றாள் அனுஜா. இருவரும் அவளிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, பானையைக் கழுவ நாங்கள் இருக்கிறோம், நீங்கள் நிழலில் உட்காருங்கள் என்றார்கள். மறுபடியும் அந்த மரியாதை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"எனக்கு வெக்கவே தெரியாது" என்றாள் புனிதவதி.

"என்னது?"

"வெறகடுப்புல பொங்கல் வெச்சதே இல்ல. மாமியார்தான் வெப்பாங்க. நான் தட்டத் தூக்கிட்டு நிப்பேன்."

பிரேமலா கரண்டியோடு இடுப்பில் கைவைத்தாள். "அப்புறம் எதுக்கு லா எல்லாம் தெரிஞ்சவங்க மாதிரி தலைய ஆட்டுனீங்க? பச்சரிசி ஒரு கிலோ, ஏலக்காய் அம்பது கிராம்னு வேற!"

"தெரியாதுன்னு சொன்னா சேத்துக்க மாட்டீங்களே."

திலகாதான் முதலில் சிரித்தாள். அனுஜா பானைக்குள் விரலை விட்டு ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்து, "இத வெச்சு செவரு கட்டலாம்" என்றாள். பிரேமலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஜட்ஜா போயிருந்தா மால போட்டிருப்பாங்க. அத விட்டுட்டு எங்க மானத்த வாங்க வந்திருக்கீங்க! ஊருக்கே டான்ஸ் ஆடிக் காட்டுனேனே, இனி எப்படி வெளிய தலகாட்டுவேன்? ஃபிராடு ஆண்ட்டி, சரியான ஃபிராடு!" புனிதவதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. எதிரே போன விரிவுரையாளர் புகை பட்டுவிட்டதோ என்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, "கெளம்புங்க லா, கடையில எடம் போயிடும்" என்று பிரேமலா வாசலிலிருந்து கத்தினாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று புரியப் புனிதவதிக்குச் சற்று நேரம் பிடித்தது.

அதன் பிறகு அவள் விடியலில் எழுந்து குழம்பு வைப்பதை நிறுத்தினாள். முறை வைத்துச் சமைத்தார்கள். அனுஜாவின் முறையில் மேகிதான். ஆண்ட்டி எப்போது அக்காவானாள் என்று யாரும் கவனிக்கவில்லை. பூப்பந்து ஆடக் கற்றுக்கொண்டு முழங்காலைச் சுளுக்கிக்கொண்டாள். புக்கிட் செந்தோசாவில் பிரேமலாவின் பிறந்தநாளுக்குக் கரோக்கே மைக்கைப் பிடித்தவள் அதைத் திருப்பித் தர மறுத்தாள். இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் தாளில் தோற்று மறுபடி எழுதினாள்.

"நீ படிக்கப் போனியா, ஆட்டம் போடப் போனியா?" என்று முருகையா கேட்டார்.

"ரெண்டுக்கும்தாங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

ஒரு விடுமுறையில் மூவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தாள். வயல் பார்க்க வேண்டும் என்றார்கள். தஞ்சோங் காராங் கால்வாய்க் கரையில் நான்கு பேரும் நின்று, ஆளுக்கொரு பக்கம் கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை வருடம் அந்த வழியாகப் போய் வந்தவள், அங்கே ஒரு நாளும் வண்டியை விட்டு இறங்கியதில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரப் பெரியவர் படம் எடுத்து முடியும்வரை பொறுமையாக நின்றார். பிறகு, மூவரும் உன் மகள்களா என்று மலாயில் புனிதவதியைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அனுஜா முந்திக்கொண்டாள். "கவான், பாக்சிக். கவான்." தோழிகள் என்றாள். பெரியவர் நால்வரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு போனார்.

2019இல் பட்டம் வாங்கினார்கள். புனிதவதி பழைய பாலர் வகுப்புக்கே திரும்பினாள், தலைமை ஆசிரியையாக. அனுஜா ஜோகூருக்கும் திலகா பினாங்குக்கும் போனார்கள். அடுத்த ஆண்டு நோய்க்காலம் வந்தது. நால்வரின் வாட்சப் குழுவில் தீபாவளி வாழ்த்து மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் நின்றது. புனிதவதி சில மாலைகளில் எதையாவது எழுதுவாள், பின் அழித்துவிடுவாள். இளம் பெண்கள், ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு கூட்டம். ஒரே வீட்டில் இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள், வீட்டோடு அதுவும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். தொந்தரவு கொடுக்கும் ஆண்ட்டியாக மறுபடி ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

2024 ஆகஸ்டில் ஒரு காலை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கை கழுவ வைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. பிரேமலாவிடமிருந்து வந்திருந்தது.

"அக்கா, உயிரோடதான் இருக்கீங்களா? ஒரு மெசேஜ் போட்டா கை தேஞ்சிடுமா? நவம்பர்ல எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையப் பத்தி நேர்ல சொல்றேன், திட்டக்கூடாது. தோழிங்க எல்லாருக்கும் ஒரே சேலை, மயில்கழுத்து கலர். அனுஜா ப்ளவுஸ் அளவு அனுப்பிட்டா, திலகாவும் அனுப்பிட்டா, நீங்கதான் பாக்கி. எங்கம்மா உங்கள சீர்த்தட்டு தூக்குற பெரியவங்களோட நிக்கச் சொல்றாங்க. அதெல்லாம் முடியாது, அவங்க என்கூட படிச்சவங்க, என் பக்கத்துலதான் நிப்பாங்கன்னு சண்ட போட்டுட்டேன். வெள்ளிக்கெழமைக்குள்ள அளவு வரணும். பழைய அளவ அனுப்பி ஏமாத்தாதீங்க. ஃபேஸ்புக்ல பாத்தேன், நல்லா ஊதிட்டீங்க."