கம்பிச் சக்கரமும் சின்ன எஞ்சினும்

பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டினால் வரும் பிறை என்ற ஊரில் இருந்த அந்தக் கார்ப் பட்டறைக்கு நான் முதலில் போனது சும்மா பார்த்துவிட்டு வரத்தான். சும்மா பார்க்க வருகிறவன்தான் கடைசியில் வாங்குவான் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியும். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே ஒரு நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டு, குளிர்ந்த சோயாப் பாலும் வாங்கி வரச் சொன்னார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பத்தொன்பது வயது.

அங்கே செய்ததெல்லாம் நகல் கார்கள். ஐம்பதுகளில் எங்கள் தீவில் வெள்ளைக்காரர்கள் ஓட்டித் திரிந்த, கூரையில்லாத, இரண்டே சீட்டுள்ள இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பை அப்படியே ஃபைபரில் வார்த்து எடுப்பார்கள். எஞ்சினும் கியரும் ஜப்பான்காரனுடையவை. ஜப்பானில் பழைய கார்களைப் பாதியாக அறுத்துக் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். அந்த முன்பாதியிலிருந்து இவர்கள் எஞ்சினைப் பிடுங்கிக்கொள்வார்கள். அசல் காரை மழைக்காலத்தில் பாதி நாள் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால், எனக்கு நகல்மேல் எந்தக் குறையும் தோன்றவில்லை.

நாங்கள் தீவில் பாயான் பாருவில் குடியிருந்தோம். பக்கத்திலிருந்த மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. எதையும் பட்டியல் போட்டு, இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் கைவைப்பேன். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகள்கள் இருவரும் படிக்கக் கோலாலம்பூர் போயிருந்தார்கள். வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர், காரிலும் இரண்டு சீட்டு. இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்திலும் அமையாது என்று நினைத்துக்கொண்டேன்.

என் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ரெண்டு சீட்டு காரா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனா நாங்கல்லாம் எங்க உக்கார்றது? உன் தலைமேலயா?"

எங்கள் குடும்பத்தில் கார் வாங்கியவனுக்குச் சொந்தமில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஏறக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் சொந்தம். இருபது வருடம் எல்லோரையும் ஏற்றி இறக்கியவன் நான். இரண்டு சீட்டுக் கார் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை அக்காவிடம் சொல்லவில்லை.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நம்ம ரெண்டு பேரும் போறதுக்கா?"

"ஆமா. நமக்குத்தான்."

"அப்ப சரி" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பட்டறையில் எஞ்சின் வேலை பார்த்தவர் ஒரு தமிழர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மூன்று எஞ்சின்களை மரப்பலகை மேல் வரிசையாக வைத்திருந்தார். எது வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணே, ஆயிரத்து முந்நூறு சிசி போட்டா ஓடும், ஆனா பாலத்துல லாரிக்காரன் பின்னாலயே ஹார்ன் அடிச்சிக்கிட்டு வருவான். ஆயிரத்து அறுநூறு நடுத்தரம். ரெண்டாயிரம் போட்டா பறக்கும் லா. ஆனா அந்தச் சத்தத்துல பக்கத்துல உக்காந்திருக்கவங்க என்ன பேசினாலும் ஒன்னும் கேக்காது."

"அதுதான் எனக்கு வசதி" என்றேன். இருவரும் சிரித்தோம். கல்யாணமான ஆண்கள் பட்டறையில் சிரிக்கிற சிரிப்பு அது.

ஆனாலும் நான் ரெண்டாயிரத்தை எடுக்கவில்லை. நாலு வாரம் யோசித்தேன். உடம்பு ஃபைபர், எடை குறைவு. மூக்கில் கனமான எஞ்சினை வைத்தால் வளைவில் இழுக்கும். சாயங்காலம் பாலத்தில் நெரிசல் வந்தால் பெரிய எஞ்சின் சூடேறிக் கொதிக்கும். ஆயிரத்து அறுநூறின் கார்புரேட்டரை ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே நான் கழற்றி மாட்டலாம். அதைத்தான் எடுத்தேன். அறிவோடு செய்த காரியம் என்று இன்றும் சொல்வேன்.

சக்கரத்தில் அந்த அறிவு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அதற்கும் மூன்று வகை இருந்தது. இரும்பு ரிம், மேலே வட்டமாக மூடி போட்டது. எல்லா வாலிபர்களும் மாட்டிக்கொண்டு அலைந்த ஸ்போர்ட் ரிம். பிறகு கம்பிச் சக்கரம். கம்பிச் சக்கரத்தை மெக்கானிக் ஒரு கையால் தூக்கி, இன்னொரு கையால் சுழற்றிக் காட்டினார். எழுபத்திரண்டு கம்பியும் மினுமினுவென்று ஒன்றாகி, பிறகு மெல்லத் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. எனக்கு வாய் ஊறியது. பட்டியலும் போடவில்லை, சரிபார்க்கவும் இல்லை.

"அண்ணே, நல்லா யோசிங்க. கம்பி லூஸாகும். கழுவணும்னா பல்லு பிரஷ்ஷு வேணும். அப்புறம் வேணாம்னா ரிம்மை மட்டும் மாத்த முடியாது, சக்கரம் மாட்டுற ஹப்பையே கழட்டணும்."

"மாத்த மாட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கலரை மட்டும் மனைவியிடம் கேட்டேன். எஞ்சின், சக்கரம், சீட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிட்டுக் கலரை மட்டும் கேட்பது எங்கள் ஊர் ஆண்களின் பெருந்தன்மை. அவள் கரும்பச்சை என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன், எனவே உடனே ஒப்புக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, பிறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வந்தேன். புது வண்டிக்குப் பூசை போட்டு, நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு கிளம்புவது எங்கள் வழக்கம். மனைவி பட்டுச்சேலையில் தட்டோடு காத்திருந்தாள். அக்காவும் வந்திருந்தாள், உட்கார இடமில்லாத காரைப் பார்த்துக் குறை சொல்ல.

குருக்கள் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தார். பழங்களை என் மனைவிதான் வைத்தாள். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் குனிந்து வைத்தாள். வலது பின்சக்கரத்துக்கு வைத்தாள். இடது பின்சக்கரத்தின் முன்னால் குனிந்தவள், பழத்தைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு வைத்துவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"நீங்க ஏத்துங்க. நான் அக்காகூட வந்திடறேன்."

"என்ன இது? உக்காரு."

"ஏத்துங்கன்றேன்ல. நல்ல நேரம் போகுது."

பக்கத்துச் சீட்டு காலியாக இருக்க, நான் தனியாக நாலு பழத்தையும் நசுக்கினேன். அவள் அக்காவோடு டாக்சி பிடித்துப் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நசுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பழத்தையெல்லாம் தூக்கி எறிந்திருப்பேன்.

வீட்டில் கேட்டேன்.

"கார் பிடிக்கலையா?"

"கார் நல்லாத்தான் இருக்கு."

"பிறகு?"

"கதவு என் இடுப்புக்குக்கூட வரல. அதுக்குப் பின்னாலயே அந்தக் கம்பிச் சக்கரம். நான் சேலை கட்டறவ."

சொல்லிவிட்டு இடது கையை மேசை மேல் வைத்தாள். அந்த மணிக்கட்டில் எலும்பு ஒரு பக்கமாகப் புடைத்திருக்கும். வளையல் நுழையாது, அதனால் வலது கையில் மட்டும்தான் போடுவாள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

கல்யாணமான புதிதில் நாங்கள் சுங்கை பினாங்கில் ஒரு அறையில் குடியிருந்தோம். ஒரு நாள் என் மோட்டார் சைக்கிளில் ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டோம். அவள் கூறைப்பட்டில், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். தெரு முனை திரும்புவதற்குள் முந்தானை பின்சக்கரத்துக் கம்பியில் மாட்டி, சுருட்டி, இழுத்து, இருவரும் விழுந்தோம். அவள் மணிக்கட்டு உடைந்தது. கட்டு அவிழ்த்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

இதை நான் மறந்ததே இல்லை. விருந்தாளி வந்தால் சொல்கிற கதை அது. சக்கரம் பட்டுச்சேலையைத் தின்றது, மோட்டாரை விளக்குக் கம்பத்தில் சாய்த்துவைத்து எல்லோரும் சுற்றி நின்றது, பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் பாதி முகம் மழித்த ஆளை விட்டுவிட்டுக் கத்தியோடு ஓடிவந்து சேலையை அறுத்தது என்று கைகாட்டிச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். இத்தனை தடவை சொல்லியும், பட்டறையில் அந்தச் சக்கரம் சுழன்றபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லாமல் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் முன்னால் போய் நின்றேன்.

"ஹப்பையே கழட்டணும்னு அன்னைக்கே சொன்னேனே, அண்ணே."

"கழட்டுங்க. ஓட்டையே இல்லாத ரிம் போடுங்க, மூடி வச்சது."

"பழைய டாக்சி மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

அப்படித்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து வீட்டு வாசலில் நிறுத்தியதும், மனைவி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடது பின்சக்கரத்து மூடியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

தெலுக் கும்பார் கடற்கரைப் பக்கம் மெதுவாக ஓட்டிப் போனேன். சாயங்கால வெயில். காற்று அதிகமில்லை.

"அன்னைக்கு விழுந்தோமே" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

"ம்."

"என் சேலை சக்கரத்துல மாட்டியிருக்கு. நான் கீழ கிடக்கறேன். நீங்க மோட்டாரைத்தான் முதல்ல தூக்கி நிறுத்துனீங்க."

குறை சொல்கிற குரல் இல்லை. கடைக்குப் போனால் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரல்தான். என் கதையில் மோட்டார் எப்போதும் விளக்குக் கம்பத்தில் சாய்ந்துதான் நின்றிருந்தது. அதை யார் தூக்கி நிறுத்தியது என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

ரெண்டாயிரம் எஞ்சினைப் போட்டிருந்தால் அவள் சொன்னது காதில் விழுந்திருக்காது. ஆயிரத்து அறுநூறில் ஒரு எழுத்து விடாமல் கேட்டது.