ஊசியைப் பார்த்தவர்கள்

மேஸ்திரியம்மாவுக்கு உலகத்தில் பாதிப் பேரைக் கண்டால் குமட்டும். மீதிப் பேரை இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்துமூன்று வருஷம் குப்பை கொட்டியவள். மேலே ஆறு மாடியிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக இறங்கி இவள் காலடியில்தான் வந்து விழும். ரத்தம், சீழ், வாந்தி, இன்னும் சொல்லக் கூசுகிற சமாசாரமெல்லாம் அதில் இருக்கும். அதற்கெல்லாம் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "இதெல்லாம் வெந்நீர்ல போட்டா போயிரும். மனுஷன் வாயிலேருந்து வருது பாருங்க, அதுக்குத்தான் எந்த சோப்பும் கிடையாது" என்பாள்.

புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் கல்யாணம் கட்டிக்கொண்டு எங்கோ தூரத்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையானால் போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்பதோடு அவள் கடமை முடிந்தது. ஆகவே மேஸ்திரியம்மா திட்டுவதென்றாலும் சிரிப்பதென்றாலும் அந்தச் சலவைக்கூடத்தில்தான். அவளுக்குக் கீழே மூன்று பேர். மெஷின் ஓட்டுகிறவன் வசனம். வாயைத் திறந்தால் சீரியல் வசனம்தான் வரும் என்பதால் அந்தப் பெயர். துணி மடிக்கிறவர் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமனைப் பார்த்தாலே காரணம் புரியும். மூன்றாவது ஆள் போன வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். ஏழு மாதப் பிள்ளை இருப்பதால் கைக்குழந்தைக்காரி என்றே ஆகிவிட்டது. தினமும் இரண்டு மணிக்கு அவள் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு வருவாள். இவள் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். அந்தப் பிள்ளை பாட்டிலை வாயிலேயே வைக்காது, அவ்வளவு வீம்பு.

சலவையில் ஒரு சட்டம் உண்டு. துணிக்குள் ஊசி கிடந்தால் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். இடுக்கியால் எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டு, எந்த வார்டு மூட்டை என்று பலகையில் எழுதி, மேலே சொல்ல வேண்டும். மேலேயிருந்து பெரிய நர்ஸ் வந்து, யார் பிரித்தது, எப்போது பிரித்தது என்று குடைந்து எடுத்துவிட்டுப் போவாள். ஒரு மணி நேரம் போயே போய்விடும்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம்தான் அவர்கள் பார்க்கிற பேய்த் தொடரின் கடைசிக்கு முந்தின பகுதி. இருட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கதவு, அதற்கு ஒரு காவல்காரன், அதுதான் கதை. மேஸ்திரியம்மா அதைக் "கர்மம்" என்றுதான் சொல்வாள். ஆனால் ஒரு வாரம்கூட விட்டதில்லை. வசனத்தின் போனை சோப்புத்தூள் டின்னில் சாய்த்து வைத்து, ஓய்வறையில் எல்லாரும் உட்காரும்போது முன்வரிசை நாற்காலி அவளுடையது. கைக்குழந்தைக்காரிக்கு மட்டும் பேய் பிடிக்காது. அவள் அந்த நேரத்தில் துணி அடுக்கப் போய்விடுவாள்.

அன்றைக்குத் தொடர் ஆரம்பிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில், பிரிக்கிற மேசையிலிருந்து வசனம் குரல் கொடுத்தான்.

"மேஸ்திரியம்மா, ஏழாம் வார்டு மூட்டையில ஊசி ஒண்ணு கிடக்குது."

"இப்பத்தானா கிடைச்சுது அதுக்கு? எழுதினா அந்த அம்மா வந்து உசிரை வாங்கும். ஓரமா வை. பார்த்துட்டு வந்து போட்டுக்கலாம்."

சொன்னது மேஸ்திரியம்மா. வேறு யாருமில்லை. வசனம் ஊசியை மேசை ஓரமாக ஒதுக்கி, மேலே ஒரு தலையணை உறையைப் போட்டு மூடிவிட்டு வந்தான். மூட்டைத் துணியை மெஷினில் தள்ளிவிட்டு, வார்டு அட்டையையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டான். சோடாபுட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

அன்றைய பகுதி முடிந்தபோது மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர். பதினொரு தடவை கதவை அடைக்கப் பார்த்துத் தோற்ற காவல்காரன், விளக்கை வீசியெறிந்துவிட்டு, "இனி விடியாது" என்று தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அப்புறம் என்ன நினைத்தானோ, எழுந்து போய் உள்பக்கமாகக் கதவைச் சாத்திக்கொள்கிறான். பார்த்த கையோடு வாதம் ஆரம்பித்துவிட்டது. அந்த வாதத்தில் தலையணை உறை யார் நினைவுக்கு வரும்?

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் பிரிக்கிற மேசையிலிருந்து "அம்மா!" என்று ஒரு சத்தம். பிள்ளை வருவதற்குள் மேசையைத் துடைத்துவிடலாம் என்று வந்த கைக்குழந்தைக்காரி, உறையை அள்ளியிருக்கிறாள். கையுறையைத் தாண்டி விரலில் ரத்தம் முத்து முத்தாக வந்தது.

பெரிய நர்ஸ் படி இறங்கி ஓடி வந்தாள். விரலைக் கழுவி, மருந்து கொடுத்து, அவளை உட்காரவைத்துச் சொன்னாள்: "பயப்படாதே. இது யாருக்குப் போட்ட ஊசின்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தைப் பார்த்து உடனே சொல்லிடலாம். தெரியலைன்னா மாசக்கணக்குல மருந்து, பரிசோதனைன்னு இழுக்கும். எதுவா இருந்தாலும், டாக்டர் சொல்ற வரைக்கும் பிள்ளைக்குப் பால் மட்டும் கொடுத்துடாதே." பிறகு மற்ற மூன்று பேர் பக்கம் திரும்பி, "எந்த வார்டு மூட்டை?" என்றாள்.

வசனம் தரையைப் பார்த்தான். சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்தார். மேஸ்திரியம்மா, "தெரியலைங்க, எல்லாம் கலந்து கிடந்துச்சு" என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. இந்த வயசில் ஊர் சிரிக்க வெளியே அனுப்புவார்களே என்கிற பயம். முதலில் பார்த்தவன் வசனம்தானே, அவனே சொல்லட்டும் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு.

இரண்டு மணிக்குப் பிள்ளை வந்தது. ஓய்வறை ஜன்னலுக்கு நேரே பின்வாசல். அம்மாவைப் பார்த்ததும் தாவின பிள்ளையை அவள் வாங்கவில்லை; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மாமியார் பாட்டிலை வாயில் வைக்க, அது தட்டிவிட்டுக் கத்தியது. டாக்டர் கூப்பிடுவார், இரு என்று சொல்லியிருந்ததால் வீட்டுக்குப் போகவும் வழியில்லை. பிள்ளை விடாமல் கத்தியது. மூன்று மணிக்கும் கத்தியது, நாலு மணிக்கும் கத்தியது. அழுகிற சத்தம் கேட்டுப் பால் சுரந்து அவள் ரவிக்கை நனைந்ததை மேஸ்திரியம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மெஷினை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். வேலை இல்லை. ஓய்வறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பேசாமல் இருந்தால் ஊசிப் பேச்சு வந்துவிடுமோ என்று தொடரைப் பற்றிய பேச்சை இழுத்தார்கள்.

"என்னைக் கேட்டா அவன்தான் வீரன்," என்றான் வசனம். "விடியாதுன்னு தெரியும். தான் பொழைக்கப் போறதில்லைன்னும் தெரியும். ஆனாலும் போனான் பாருங்க!"

"அட போப்பா," என்றார் சோடாபுட்டி. " நம்பிக்கை விட்டுப்போனவன் எங்க போனா என்ன? அது வீரமா? விரக்தி. ஜெயிப்போம்னு நம்பி நிக்கிறவன்தான் வீரன்."

"ஜெயிப்போம்னு தெரிஞ்சா யார் வேணும்னாலும் நிப்பாங்க, அண்ணே. ஒண்ணுமே மிஞ்சாதுன்னு தெரிஞ்சும் மத்தவங்களுக்காகக் கதவைச் சாத்தினான். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு. நான் அங்க இருந்திருந்தா நானும் போயிருப்பேன்."

தூ! கிழித்தான். மேல்மாடிக்குப் போய் "ஏழாம் வார்டு" என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை, இருட்டுக்குள்ளே போவானாம். மேஸ்திரியம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உருகுகிற அந்த மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நியாயம் பேசுகிற சோடாபுட்டியின் வாயை ஊசி நூல் கொண்டு தைக்கலாம் போல இருந்தது. இவர்களோடு இத்தனை வருஷம் ஒரே டம்ளரில் டீ குடித்தோமே என்று நினைத்தால் நாக்கே கசந்தது.

வெளியே பிள்ளை ஒரு தடவை மூச்சு அடைத்துப் பிறகு வீறிட்டது.

"டேய், அந்த ஜன்னலைச் சாத்துடா. தலையை வலிக்குது," என்றாள் மேஸ்திரியம்மா.

வசனம் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். சத்தம் குறைந்தது. "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டாள். விட்ட பிறகுதான், தான் என்ன சொன்னோம், எதற்காக மூச்சு விட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. எதிரே இருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் வெறுமனே வாயடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்னவள் இவள். ஓரமாக வை என்று சொன்னவளும் இவள். எழுந்து தொட்டியருகே போய் நிஜமாகவே வாந்தி எடுத்தாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு மாடிப்படி ஏறினாள். "எங்க, மேஸ்திரியம்மா?" என்று பதறினான் வசனம். அப்போது மணி ஐந்து ஆகப் பத்து நிமிஷம்.

"ஏழாம் வார்டுங்க. எனக்குத் தெரியும். எழுத வேண்டாம், ஓரமா வைன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் பெரிய நர்ஸிடம். அவள் ஏற இறங்கப் பார்த்தாளே தவிர, திட்டக்கூட நேரத்தை வீணாக்கவில்லை. ஏழாம் வார்டில் அன்று காலை ஊசி போட்டது இரண்டே பேருக்கு. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது ஆறு மணி. கைக்குழந்தைக்காரி படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிள்ளையை வாரி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

விசாரணை நடந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. மேஸ்திரி பதவியைப் பிடுங்கிக்கொண்டு, பிரிக்கிற மேசையில் நிற்கவைத்தார்கள். வசனத்துக்கும் சோடாபுட்டிக்கும் எச்சரிக்கை ஓலை. அதோடு விட்டதா? அடுத்த வியாழக்கிழமை வசனம் டீ டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "வேலை போனாலும் போகட்டும்னு போய்ச் சொன்னாங்க பாருங்க, நம்ம மேஸ்திரியம்மாதான் நிஜக் காவல்காரன்!" என்றான். சோடாபுட்டி கைதட்டினார். அவளுக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால், கர்மம், உள்ளுக்குள்ளே எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

கைக்குழந்தைக்காரி அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கைதட்டல் அடங்கும்வரை வாசலில் நின்றுவிட்டு, மேசைக்கு வந்தாள்.

"நீங்கதான் போய்ச் சொன்னீங்களாமே. பெரிய நர்ஸ் சொன்னாங்க."

"ஆமாம்மா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல்லேருந்தே."

"மூணு மணி நேரம் என் பிள்ளை கத்துச்சே. உங்களுக்குக் கேக்கலையா?"

வசனம் டம்ளரைக் கீழே வைத்தான். கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். மெஷின் சத்தம் என்று சொல்லலாம். அன்றைக்கு மெஷின் ஓடவில்லை என்பது இவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது?

"கேட்டுச்சு," என்றாள் மேஸ்திரியம்மா. "ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்."