பளிச்சு அள்ளாமல் விட்ட லத்தி

குதிரைக்குட்டிக்கு வயிற்றுப்போக்காம், லாயம் கழுவுகிறவன் கை சுத்தமில்லையாம். தீவனக்கடையில் யாரோ சொன்னதை யாரோ கேட்டு, கடைசியில் அது மனைவியின் வாய்வழியாகப் பளிச்சின் காலைச் சாப்பாட்டுக்கே வந்து சேர்ந்தது.

"யாரு சொன்னா?"

"நான் என்ன கண்டேன்? வீட்டையே ரெண்டு தரம் பெருக்குற ஆளு, உங்களைப் போய்..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தொன்பது வருஷமாக அந்தப் பண்ணையில் லாயம் கழுவுகிறார். குதிரை லத்தி போடும் சத்தம் கேட்டால் போதும், கூடையோடு நிற்பார். சொந்தப் பெயரே மறந்துபோய் ஊரே அவரைப் பளிச்சு என்றுதான் கூப்பிடும். ஒன்பது நாள் குட்டியும் தாயும் இருந்த அறையையும் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். அன்றைக்கு ஆத்திரத்தில் மருந்துத்தண்ணீர் ஊற்றி இன்னும் இரண்டு தரம் கழுவினார்.

மத்தியானம் வந்த டாக்டரம்மா குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தாய் போட்ட லத்தி எங்கே?"

"போட்டதுமே அள்ளிட்டேன்மா. இல்லேன்னா இந்தக் கருமம் பிடிச்ச குட்டி தின்னுடும்!"

"தின்னட்டும்னுதான் கேட்கிறேன். பிறந்த குட்டியோட குடல் காலி வீடு மாதிரி. புல்லைச் செரிக்கிற பாக்டீரியா தாயோட லத்தியிலேருந்தும்தான் குடிவரணும். நீங்க வாசல்லயே விரட்டிட்டிருக்கீங்க."

பளிச்சு கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். ஊர் அழுக்கு என்கிறது, டாக்டரம்மா சுத்தம் அதிகம் என்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் குட்டு.

"இந்த வயசுல வர்ற பேதி பெரும்பாலும் தானா நிக்கும். பேதியில கொஞ்சம் பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போறேன். நான் சொல்றவரைக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம், இருக்கிற நல்லதும் செத்துப்போகும். பால் குடிக்காம படுத்தா மட்டும் உடனே கூப்பிடுங்க."

மறுநாள் பண்ணை மேனேஜர் ஆன்டிபயாடிக் ஊசியோடு வந்துவிட்டார். சாயங்காலம் முதலாளி வருகிறாராம். வைக்கோலில் அள்ளாமல் கிடந்த லத்தியைப் பார்த்ததும் கொதித்தார்.

"யோவ், உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு? பாக்டீரியான்னா கிருமி. கிருமின்னா கொல்லணும். இதுக்கு டாக்டர் படிப்பா வேணும்?"

"எல்லாத்தையும் கொன்னா புல்லை யாரு சார் செரிக்கிறது? நீங்களா?"

"வாய் நீளுது!"

"குட்டி பால் குடிக்குது, பாருங்க சார். டாக்டரம்மா வேண்டாம்னாங்க."

"செத்துப்போனா முதலாளிகிட்ட நான்தானே நிக்கணும்? ஒரே தடவை கூப்பிடு. எடுக்கலேன்னா ஊசிதான்."

போன வருஷம் இதே மருந்துக்குப் பிறகுதான் ஒரு குட்டி படுத்தது, எழவேயில்லை. அப்போதும் பழி கழுவுகிறவன்மேல்தான் விழுந்தது.

பளிச்சு கதவுக்குக் குறுக்கே நின்று போனில் டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தினார். முதுகுக்குப் பின்னால் குட்டி லத்தியை மோந்து தின்னத் தொடங்கியது. அள்ளச் சொல்லி அவர் கை அரித்தது. மேனேஜர் ஊசியைத் தூக்கி வெளிச்சத்தில் காற்றுக் குமிழைத் தட்டினார்.

"எடுங்கம்மா," என்று முணுமுணுத்தார் பளிச்சு.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.