நைனா திருடிய கத்தி

அக்காவைக் கட்டிய பாவாவிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அதை நாங்கள் பார்த்துவிட்டோம். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று எதையாவது கேட்பார்கள். பாவா ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் இருந்த ஆப்பிளை எடுத்துத் தன் கத்தியால் நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தார். கறுப்புக் கைப்பிடிக்குள் கத்தி, திருப்புளி, குட்டிக் கத்திரிக்கோல் எல்லாம் மடங்கிப் படுத்திருந்தன. அவருடைய கம்பெனியில் மிஷின் பூட்ட வந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். ஆயுள் முழுக்க வாரண்டி உண்டு என்று பெருமையாகச் சொன்னார். யாருடைய ஆயுள், கத்தியுடையதா உங்களுடையதா என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பாவா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

திருத்தணியில் எங்களுடையது நெசவுக் குடும்பம். வீட்டின் பின்கட்டில் இரண்டு பவர்லூம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அந்தச் சத்தத்தில் பேசிப் பிரயோசனமில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவர் போல, தறி நின்ற பிறகும் அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் அதில் பொய் இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட அன்றைக்குக்கூட, வயிற்றுவலி என்று எழுதித் தராமல், வர விருப்பமில்லை என்கிறாள் என்று எழுதித் தந்து என்னை மாட்டிவிட்டவர். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

கல்யாணம் ஆன பெண்ணை முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். ஆடி பிறந்த அன்று மாப்பிள்ளைக்கு விருந்து போட்டு, வேட்டி சட்டை கொடுத்து, அவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டுப் பெண்ணை மாதம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். பாவாவும் வந்தார், சாப்பிட்டார், தன் ஊரான பள்ளிப்பட்டுக்குப் பஸ்ஸைப் பிடித்துப் போனார். அக்கா முன்போல இல்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையிலிருந்து ஒரு கரண்டி நழுவினாலும் சுற்றுமுற்றும் பார்த்தாள். புருஷனைப் பிரிந்த ஏக்கம் என்று எதிர்வீட்டு அத்தை கண்ணடித்துச் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு சாயங்காலம் பாவா போன் செய்தார். வீடு முழுக்கத் தேடியும் கத்தியைக் காணவில்லை, நீ பார்த்தாயா என்று அக்காவைக் கேட்டார். அவர் குரல் எனக்கே கேட்டது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தறியை நிறுத்திவிட்டு வந்த நைனா அவள் கையிலிருந்து போனை வாங்கினார்.

"கத்தி இங்கதான் இருக்குது மாப்ள. நீங்க வரும்போது தரேன்."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து கத்தியை எடுத்து வந்து கூடத்தில் வைத்தார். முனை முறிந்திருந்தது. உள்ளே ஸ்பிரிங் போயிருந்ததால், விரித்தால் நிற்காமல் ஆடிக்கொண்டு விழுந்தது. விருந்தன்று மாப்பிள்ளையின் பையிலிருந்து நான்தான் எடுத்தேன், ஒரு டப்பா மூடியை நெம்பினேன், உடைந்துவிட்டது என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போது ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க நைனா மாலை போட்டிருந்தார். மஞ்சள் வேட்டி, செருப்பில்லாத கால், ஒருவேளைச் சாப்பாடு. அந்தக் கோலத்தில் ஒரு மனிதர் மாப்பிள்ளையின் பைக்குள் கைவிட்டிருக்கிறாரே என்று எனக்கு ஆறவே இல்லை. பாவாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மாமனார் திருடினார் என்று பள்ளிப்பட்டு முழுக்கப் பேச்சாகிவிடாதா? அக்காவைத் திரும்பக் கூட்டிப்போக வருவாரா? நைனாவுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். அந்த வாரண்டி என்னவென்று பார் என்று தன் போனை என்னிடம் நீட்டினார். இங்கிலீஷ் படிக்கிற ஆள் வீட்டில் நான்தான். கத்தியில் பொறித்திருந்த பெயரைத் தட்டிப் பார்த்து, சென்னையில் அவர்களுக்கு ஒரு சர்வீஸ் கடை இருப்பதைக் கண்டுபிடித்தேன். நைனா மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தாலும், ரயிலில் சென்னைக்குப் போவதென்றால் விட முடியுமா?

தறியில் மிஞ்சிய கழிவுநூலை எடுத்து நைனா கத்தியைச் சுற்றினார். நூல் சுற்றும் கை சும்மா இருக்குமா? சுற்றிச் சுற்றித் தேங்காய் அளவுக்கு ஆக்கிவிட்டார். ஏசி போட்ட அந்தக் கடைக்குள் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக நுழைந்து அந்த உருண்டையை மேசைமேல் வைத்தபோது, அங்கிருந்த பெண் உள்ளே ஏதோ பிரசாதம் இருக்கிறது என்று நினைத்திருப்பார். பொறுமையாகப் பிரித்தார். வாரண்டி அட்டை இல்லையே என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். கத்தியின் அடியில் இருக்கும் எண்ணே போதும் என்றார். எப்படி உடைந்தது என்று கேட்டார்.

"டப்பா மூடிய நெம்பினதுல ஒடைஞ்சிதும்மா."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார். கத்தியைத் தப்பான வேலைக்குப் பயன்படுத்தி உடைத்தால் வாரண்டி கிடையாது, பழம் வெட்டும்போது தானாக முறிந்தது என்று சொன்னால் புது அலகே மாற்றிக் கொடுப்பார்கள் என்று விளக்கினார். நான் நைனாவின் கையைச் சுரண்டினேன். புது அலகு வந்துவிட்டால் உடைந்த விஷயமே யாருக்கும் தெரியப் போவதில்லை.

"கத்தி மேல தப்பு இல்லம்மா. அது மேல பழி போடக்கூடாது," என்றார் நைனா.

அப்படியானால் ஸ்பிரிங்கை மட்டும் வாரண்டியில் மாற்றலாம், முனையைக் கூலி கொடுத்துச் சாணை பிடிக்க வேண்டும், அலகு கொஞ்சம் குட்டையாகிவிடும், கூரியரில் அனுப்பிவைக்கிறோம் என்று சொல்லி அந்தப் பெண் எழுதிக்கொண்டார். திருடத் தெரிகிறது, ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்தது. திரும்பும்போது ரயிலில் அவர் வாங்கிக் கொடுத்த சமோசாவை நான் தொடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முதலில் சாப்பாட்டைத்தான் ஒதுக்குவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

கிருத்திகை வந்தது. ஊரே மலையில் இருந்தது. நைனா காவடி எடுத்துப் படியேறி இறங்கி மாலையைக் கழற்றினார். கத்தி வரவில்லை. தெருவில் கூரியர் வண்டி சத்தம் கேட்டால் அக்கா வாசலுக்கு ஓடுவாள். ஆடி முடிய இருந்தபோதுதான் அந்தச் சின்னப் பெட்டி வந்தது. விரித்தால் கத்தி டக்கென்று நின்றது. முனை ஊசிபோல் இருந்தது. ஆனால் நகக்கண் அளவு குட்டை. தெரிந்தவர் கண்ணுக்குக் கட்டாயம் தெரியும்.

ஆவணி பிறந்ததும் பாவா அக்காவைக் கூட்டிப்போக வந்தார். சாப்பாடு முடிந்தது. நைனா கத்தியைக் கொண்டுவந்து அவர் முன்னால் பாய்மேல் வைத்தார். இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்தில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைக்க வேண்டும், எதிராளி எடுத்துக்கொள்ள வேண்டும்.

"மாப்ள, விருந்துக்கு வந்தப்போ உங்க பையிலருந்து இத நான்தான் எடுத்தேன். கேக்காத எடுத்தது தப்பு. ஒடைஞ்சிபோச்சு. வாரண்டில குடுத்து ரிப்பேர் பண்ணிகினு வந்தேன். மின்ன இருந்ததுக்குக் கொஞ்சம் குட்டையா இருக்கும்."

பாவா கத்தியை எடுத்து விரித்தார். முனையைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகம் இறுகியது. சமையலறை நிலைப்படியில் என்னோடு நின்றிருந்த அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பாவா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார், பிறகு நைனாவைப் பார்த்தார். கத்தியை மெல்ல மடக்கினார்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே மாமா," என்று சிரித்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நைனா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"என் மேல கோவம் வரல இல்ல உங்களுக்கு? பெரியவன்னு வுட்டுட்டீங்க. வூட்ல அவ கையால எதுனா ஒடைஞ்சாலும் இதே மாதிரி வுட்டுடுங்க."

பாவாவின் சிரிப்பு நின்றது. தலையைக் குனிந்து, "ஆங், சரி மாமா," என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திருடியவர் பறிகொடுத்தவருக்குப் புத்தி சொல்கிறாரே, இதென்ன நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு எந்த விசேஷம் என்றாலும், எங்கள் மாமனார் கத்தி திருடிய கதை தெரியுமா என்று பாவா ஆரம்பித்துவிடுவார். பந்தியே சிரிக்கும். நைனாவும் தலையை ஆட்டிச் சிரிப்பார்.

என் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் அக்கா சொன்னாள். பாவாவின் பையிலிருந்து நைனா எதையும் எடுக்கவே இல்லையாம். மாமியார் வீட்டில் பால்பவுடர் டப்பாவைத் திறக்கப்போய் கத்தியை உடைத்தவள் அவள். அதற்கு முன்னால் பாவாவின் போன் அவள் கையிலிருந்து விழுந்து கண்ணாடி கீறியதற்கு, அவர் சோற்றுத் தட்டை உதைத்துத் தள்ளிவிட்டுப் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பயத்தில் உடைந்த கத்தியைப் புடவை மடிப்பில் ஒளித்து இங்கே கொண்டுவந்து, யாரிடமும் சொல்ல முடியாமல், கடைசியில் நைனாவிடம் கொடுத்து அழுதிருக்கிறாள்.

பாவாவுக்கு இன்னும் தெரியாதா என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும். பஸ்ல போவும்போது சொன்னாரு. விருந்துக்கு வந்தப்போ நான் கத்தியே எடுத்துகினு வரல, மாமா எங்கருந்து எடுத்தாருன்னு கேட்டாரு. நான் அழுதுட்டேன். அப்புறம் ஊர் வர வரைக்கும் என் கைய வுடவே இல்ல."

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது பொய்யென்று தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் அதை உண்மையென்று நம்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனாவைத் திருடன் என்று நினைத்தபடி சென்னையிலிருந்து திருத்தணி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.