அறுக்காமல் அவிழுமா?

மருந்துக் கடையில் காலாவதித் தேதி பார்த்து மாத்திரை அட்டைகளை அடுக்குவது அக்காவின் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தேதி பார்க்காமல் ஓர் அட்டையைக்கூடத் தட்டில் ஏற்றமாட்டாள். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் தம்பியைப் பற்றி ஆரம்பித்தாளென்றால், வந்தவர் மருந்து வாங்க மறந்துவிடுவார்.

அந்தத் தம்பி மேல்தான் இப்போது சந்தேகம். ஒரு பாடத்துக்கு வகுப்பு இல்லையாம், பரீட்சை இல்லையாம். ஆராய்ச்சி மாணவி ஒருத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிடித்த புத்தகத்தைத் தானே படிப்பானாம். படிக்கிற லட்சணமோ, ஷூ கயிற்றைச் சிக்கலாக்கி, இரு நுனிகளையும் ஒட்டி வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பதுதான்.

"இதுக்குப் பேரு கணக்கா?"

"முடிச்சுக் கணக்குக்கா."

"முடிச்சு புரியுது. யாரு போடுறாங்கறதுதான் புரியல."

மதிய வேலைக்குத் தம்பியை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார் கடை முதலாளி. படிப்பு ஏமாற்று என்று தெரிந்தால் அவனைக் கடையில் உட்கார்த்திவிடுவது என்ற முடிவோடு, அவனிடம் சொல்லாமலே பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

கரும்பலகையருகே தம்பி; பலகையில் இரண்டு முடிச்சுப் படங்கள். அந்த மாணவி கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொல்லித் தருகிறவள் உட்காருகிற இடமா அது?

"அவனோட அக்காதானே? மூக்கே சொல்லுது. உட்காருங்கக்கா."

முகம் சிவக்கத் தம்பி தொடர்ந்தான். "முதல் முடிச்சுக்கு விதிப்படி மூணு நிறம் பூசலாம். அதனால அறுக்காம அவிழாது. ரெண்டாவதுக்குப் பூச முடியல. அதனால அது அவிழும்."

"ஏன்?" என்றாள் மாணவி.

"பூச முடியலையே!"

"முடியலன்னா அவிழும்னு யாரு சொன்னா?"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தெரிஞ்சா சொல்லித் தொலையேம்மா. எதுக்குப் பிள்ளையை நிக்க வைக்கிறே?"

"நான் சொன்னா அது என் கணக்காயிடும்க்கா."

நல்ல சாக்கு என்று நினைத்தாள் அக்கா. தம்பியோ பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடைசி வரியைத் தானே அழித்தான்.

"தப்பா சொல்லிட்டேன். பூச முடிஞ்சா அவிழாது. முடியலன்னா, அவிழலாம், அவிழாமலும் இருக்கலாம். வேற வழி தேடணும்."

வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பைக் குற்றம் சொல்கிறவன் அவன். அந்த வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை அக்கா கேட்டதேயில்லை.

மாலை கடையில் முதலாளி கேட்டார். "என்னம்மா, தம்பி வர்றானா?"

"இல்லீங்க. படிப்பு இருக்கு."

"ஏமாத்துன்னு சொன்னே?"

"அந்தப் பொண்ணு மேல இன்னும் சந்தேகம்தான். அடுத்த வாரமும் போய் உட்காரப் போறேன். லீவு வேணும்."