சைக்கிளை விட்டு இறங்கியதும் வந்த இளைப்பு

நீந்தி, சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு ஓடவும் வேண்டிய டிரையத்லான் பந்தயத்துக்கு நானும் என் கணவரும் சேர்ந்தே பெயர் கொடுத்தோம். நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அவர் கரும்பு விவசாயம். நீச்சலுக்கு எங்கள் கொல்லைக் கிணறு இருந்தது. சைக்கிளும் ஓட்டமும் இரண்டு பேருக்கும் பழக்கம்தான். ஆனால் ஒன்றை முடித்த உடனே அடுத்ததைத் தொடங்கிப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறினோம். வளைவுகளில் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தவள், மலைமேல் இருக்கும் கரியாலூர் வரும் வரை நிமிரவே இல்லை. அங்கே டீக்கடை ஓரம் சைக்கிள்களைச் சாத்திவிட்டு ஓட ஆரம்பித்தோம். சாலை சமமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச தூரத்திலேயே விலா எலும்பைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல் ஆயிற்று. மூச்சு மேல் நெஞ்சோடு நின்றது. பயந்து நின்றுவிட்டேன்.

முன்னால் போனவர் திரும்பி வந்தார். "இன்னா ஆச்சி?"

"மூச்சு உள்ள போவ மாட்டேங்குதுங்க. வெறுமன ஓடினா இப்பிடி ஆனதே இல்ல."

"மேட்டுல மிதிச்சிக்கினு வந்தோம் இல்ல, அதான். கொஞ்சம் நில்லு, சரியாப் பூடும்."

சொல்லிவிட்டு அவர் இருமினார். ஓடி முடித்தால் அவருக்கு இருமல் வரும். கரும்பின் காய்ந்த இலை, அந்தச் சோகையின் தூசு என்பார். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

எனக்கு ஆஸ்துமா என்றே முடிவு செய்துகொண்டு, கள்ளக்குறிச்சியில் நுரையீரல் டாக்டரம்மாவிடம் போனேன். மூச்சின் அளவைத் திரையில் காட்டும் கருவியின் குழாயில் ஊதச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. "உக்காந்துக்கினு ஊதினா எப்பிடித் தெரியும்? சைக்கிள் ஓட்டி, ஓடி முடிச்ச சூட்டோட வாங்க" என்றார்.

அடுத்த வாரம் இருவரும் சங்கராபுரம் வரை மிதித்துத் திரும்பினோம். சைக்கிளை கிளினிக் வாசலிலேயே நிறுத்தி, அக்கம்பக்கத்துத் தெருக்களில் ஓடிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட உள்ளே போனோம். நான் ஊதினேன். முன்பு வந்ததைவிடக் கொஞ்சம்தான் கம்மி.

"இது ஆஸ்துமா இல்லீங்க. அவ்ளோ நேரம் குனிஞ்சிக்கினே வர்றீங்க, வயிறு மடங்கிக்கினு இருக்குது. மூச்சு இழுக்குற தசைக்கு எடம் கம்மி. அதுவும் கால் மாதிரி களைச்சிப் போவும். அந்தக் களைப்போட ஓடினா ஆழமா இழுக்க வராது, சின்னச் சின்ன மூச்சா வேகமா வாங்கும். தூங்கி எழுந்தா சரியாப் பூடும்" என்றார் டாக்டர்.

எனக்கு உயிர் வந்தது. என் கணவர் சிரித்துக்கொண்டே, "நானும் ஒரு தபா ஊதிப் பாக்கட்டுங்களா?" என்று குழாயை வாங்கினார். ஊதிய கையோடு இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் திரையைப் பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார். பிறகு என் கணவரின் முதுகில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"எத்தினி நாளா இருமல்?"

"அது சோகைத் தூசுங்க."

"தூசுன்னா கொல்லையில நிக்கும்போது வரணும். ஓடி முடிச்ச பொறவு ஏன் வருது?"

டாக்டர் இன்ஹேலரில் மருந்து இழுக்கவைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் ஊதச் சொன்னார். அளவு நன்றாக ஏறியது. ஓடும்போது மூச்சுக்குழாய் சுருங்குகிறது, இதுவும் ஆஸ்துமாதான், ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மருந்து இழுத்துக்கொண்டால் ஓடலாம் என்று விளக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "எனக்குப் போயி ஆஸ்துமாவா? நான் இன்னா நோயாளியா?" என்று கத்தினார். இன்ஹேலரை அலமாரியில் போட்டவர் அதைத் தொடவே இல்லை. நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அவர் இருமும்போதெல்லாம் ஓட்டத்தை நிறுத்தி நானும் பக்கத்தில் நின்றேன். அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

"என்னால நீ ஏன் நிக்கிற?"

"நீங்க நின்னா நானும் நிப்பேங்க."

மறுநாள் காலையில் அவரே எடுத்து இழுத்துக்கொண்டார். அன்றைக்கு ஓடி முடித்தபோது வெறும் மூச்சிரைப்புதான் இருந்தது. "அட, எல்லாரும் இப்பிடித்தான் ஓடறாங்களா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். எத்தனை வருடமாகச் சுருங்கிய மூச்சுக்குழாயோடு ஓடியிருக்கிறார்!

என் பாடு வேறு. சைக்கிள் பயணத்தின் கடைசித் தூரத்தில் நிமிர்ந்து உட்காரவும், இறங்கியதும் அவசரப்படாமல் மூச்சை முழுசாக வெளியே விட்டு ஓடவும் பழகினேன். சில வாரங்களில் கரியாலூரில் நிற்காமல் ஓட முடிந்தது.

பந்தயம் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்தது. கிணற்றில் நீந்திய எனக்கு அலை பெரும் தொல்லையாக இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கியதும் விலா மறுபடி இறுகியது. இந்த முறை பயம் வரவில்லை. மெதுவாக ஓடினேன். பலர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு திருப்பம் கடந்த பிறகு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. அவர் எனக்கு வெகு முன்னாலேயே முடித்துவிட்டார். நான் கடைசி ஆட்களோடு போய்ச் சேர்ந்தபோது, இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.