மூன்று மணி ஆராதனை

இந்த ஜெர்மன் சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு மீன்கூட வாங்க முடியாது. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்; ஓய்வு நாளில் சத்தம் கூடாது என்பது இங்கே சட்டம். முதியோர் இல்லத்தில் செவிலியாக வேலைக்கு வந்த புதிதில் இது தெரியாமல், ஞாயிறு முழுவதும் வெறும் ரொட்டியைத் தின்றேன். கடவுளுக்கென்று ஒரு நாளையே காலி செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் போகும் பாப்டிஸ்ட் சபையில் அந்த நாளில் வருவது பத்துப் பதினைந்து நரைத்த தலைகள் மட்டும்தான்.

ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது, வழக்கமாக என் அருகில் உட்காரும் ஃப்ராவ் க்ரூகர் என்ற மூதாட்டி கேட்டார்: "உங்கள் நாட்டில் சபைகள் வளர்கின்றனவாமே! உன் சபையை யார் தொடங்கினார்கள்?" மீன் விற்கும் பெண்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மீன்! ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம் அல்லவா!" நான் சொன்னது சங்கராவையும் நெத்திலியையும். அவற்றின் நாற்றத்தை ஜெர்மனில் விளக்க எனக்கு வரவில்லை. விளக்க விருப்பமும் இல்லை.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் குப்பத்தில் அந்தச் சபை தொடங்கியது எங்கள் வீட்டில். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்பதால் வேதப் புத்தகத்தை நானே வாசிப்பேன். அம்மாவும் அவளோடு மீன் விற்கும் மூன்று பெண்களும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பார்கள். மதுராந்தகம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு போதகர் வருவார். அந்த நால்வரும் ஞானஸ்நானம் எடுக்க முடிவு செய்தபோது, எங்கள் கரையில் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து சொல்லிவிட்டது. பக்கிங்காம் கால்வாயின் சேற்று நீரில் மூழ்கி எழுந்தார்கள். மறுவாரம் முதல் கரையில் நடக்கும் மீன் ஏலத்தில் அம்மா கேட்ட விலை யார் காதிலும் விழவில்லை.

ஏலம் விடுபவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உங்க சாமி கடலு மேலயே நடந்தாராமே? அவரயே வலை போடச் சொல்றதுதான?"

"சொல்லிக்கீறேன் அண்ணாத்த. நாளைக்கு படகு நெறைய வரும். எடுக்கறதுக்கு ஆளு பத்தாது, நீயும் வந்துடு" என்றாள் அம்மா.

கரையே சிரித்தது, ஆனால் மீன் கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல், விடியுமுன் பஸ் ஏறி வேறு கரைக்குப் போய் மீன் எடுத்து விற்றாள்.

இவ்வளவு பட்டும் அவள் சபையை விடாததற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காரவே முடியாது. எங்கள் சபையிலோ எந்த முடிவானாலும் ஞானஸ்நானம் எடுத்த ஒவ்வொருவரும் கை தூக்க வேண்டும். முதன்முதலாக அவர்கள் கை தூக்கியது ஆராதனை நேரத்துக்காக. ஞாயிறு காலைதான் மீன் அதிகம் விற்கும் நேரம். ஆகவே மதியம் மூன்று மணி என்று முடிவானது. ஒருத்தி வியாபாரத்தில் மாட்டிக்கொண்டால், அவள் வந்து கை தூக்கும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். சபை என்றால் அப்படித்தான் நடக்கும் என்று அம்மா நம்பிவிட்டாள்.

சபை வளர்ந்தது. ஈ.சி.ஆர் சாலையோரத்தில் கட்டடம் எழும்பியது. செங்கல்பட்டிலிருந்து காரில் குடும்பங்கள் வந்தன. அவர்களுக்காகக் காலையில் இன்னொரு ஆராதனை தொடங்கியது. பிறகு, இரண்டு எதற்கு, காலையில் ஒன்றே போதும் என்ற பேச்சு எழுந்தது. ஞாயிறு காலை ஆராதனைக்குப் பிறகு அங்கத்தினர் கூட்டம் என்று அறிவித்தார்கள். "சீக்கிரம் வந்துடுமா" என்றேன். அம்மா கூடையைத் தலையில் ஏற்றியபடி, "நம்ம கை இல்லாம இன்னா முடிவு பண்ணிடுவாங்க? வருவேன் போ" என்றாள்.

அவர்கள் கை இல்லாமல் முடிவு செய்யக் கூடாது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சபையைத் தொடங்கியவர்கள் இன்னும் வரவில்லை, காத்திருங்கள் என்றேன். "போன வாரமே அறிவிச்சாச்சேம்மா. வந்தவங்கதான ஓட்டுப் போட முடியும்?" என்றார் காரில் வரும் மூப்பர் ஒருவர். போதகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஒரு பெண், "மூணு மணிக்கு வந்தா ஒரே மீன் வாடை" என்றது கேட்டது. கைகள் உயர்ந்தன. எதிர்த்து உயர்ந்தது என் கை மட்டும். அம்மா செதில் ஒட்டிய புடவையோடு மூச்சிரைக்க வந்தபோது பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் கை தூக்கலியே. எப்புடி முடிவாச்சு?"

ஊர் அவளுக்கு மீன் கொடுக்காதபோது அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

அந்தச் சபை இன்று நூற்றுக்கணக்கானோர் கூடும் சபை. அம்மா அதன் வாசலை மிதிப்பதில்லை. ஃப்ராவ் க்ரூகர் கேட்ட வளர்ச்சி இதுதான். அவரிடம் நான் சொன்னது, "ஆம், வளர்ந்துவிட்டது" என்ற இரண்டு சொற்கள்.

போன மாதம் இங்கே குளிர்காலக் கணக்குக்குக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்தார்கள். அடுத்த ஞாயிறு காலை பத்தரைக்கு ஆராதனை தொடங்கும்போது கைப்பேசியில் அம்மாவின் அழைப்பு வந்தது. ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகி, அப்புறம் பேசுகிறேன் என்று கிசுகிசுத்தேன்.

"வைக்காத. கோயில்லயா கீற? பாட்டு கேக்குதே. நாங்க நாலு பேரும் வூட்லதான் குந்திகினு கீறோம். அப்படியே வுடு."

"ஜெர்மன்மா. ஒண்ணும் புரியாது."

"புரியாட்டி இன்னா? இங்க மணி மூணு. நேரம் நம்முளுது."

நான் அணைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். ஒரு காதில் ஜெர்மன் ஜெபம். மறுகாதில் சேவல் கூவுவதும் ஆட்டோ போவதும் நான்கு பெண்கள் மூச்சு விடுவதும். இங்கே ஜெபம் முடிந்து ஆமென் சொல்கிறார்கள். குரல் கடல் தாண்டிப் போய்த் திரும்பச் சற்று நேரம் பிடிக்கிறது; பிறகு அங்கே ஆமென் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையில், எதனோடு சேர்ந்து சொல்வது என்று தெரியாமல், தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.